எவ்வளவு ஆழம்

வெள்ளிக்கரடு என்ற மலையூரில் ஒரு கவிஞர் இருந்தார். அவர் எழுதுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

பெயர் லிடியா ஹார்மன். அமெரிக்கர். ஆனால் பிறந்தது மதுரையில். அப்பா அங்கே மிஷன் ஊழியராக இருந்தார். கோடை வந்தால் குடும்பம் மலையேறி வெள்ளிக்கரட்டு பங்களாவுக்கு வந்துவிடும். பதினைந்து வயதில் கப்பலேறிப் போனவர், எழுபது வயதுக்கு மேல் தனியாக அதே பங்களாவுக்குத் திரும்பி வந்தார். தகரக் கூரை துருப்பிடித்துக் கிடந்தது. ஒழுகிய இடங்களில் மட்டும் ஒட்டுப்போட்டுக்கொண்டு குடியேறிவிட்டார்.

அவருடைய தமிழ் பதினைந்து வயதில் அப்படியே நின்றுபோன தமிழ். பாதி மதுரைக் கடைத்தெருவும் பாதி வேதாகமமும். ஊர்க்காரர்கள் அவரைத் துரைசானியம்மா என்றார்கள். அவர் என்ன எழுதினார், எவ்வளவு பெயர் பெற்றவர் என்பதெல்லாம் கேரட்டும் பூண்டும் போடுகிற அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

அமெரிக்காவில் அவருடைய மூன்று வரிகளைக் கேட்காதவர்கள் குறைவு.

ஆறு செத்துவிட்டது என்று சொல்லாதே.
மணலைத் தோண்டிப் பார்.
கீழே அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சாவு வீடுகளில் அதைப் படித்தார்கள். கல்லறைக் கற்களில் பொறித்தார்கள். காபிக் கோப்பைகளில்கூட அச்சடித்து விற்றார்கள். ஒரு சுரங்க விபத்துக்குப் பிறகு நடந்த நினைவுக் கூட்டத்தில், வந்திருந்த ஜனங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று ஒரே குரலில் சொன்னார்கள். லிடியா வேறு எத்தனையோ எழுதியிருந்தார். அவை யாருக்கும் நினைவில்லை.

வெள்ளிக்கரட்டில் அந்த வரிகளை அறிந்திருந்தவர் ஒருவர்தான். அங்கிருந்த சிறிய ஆலயத்தின் போதகர், ஞானசிகாமணி. நாசரேத் பக்கத்துக்காரர். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். இறையியல் படித்த காலத்திலேயே அந்த வரிகளை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவர். அதை எழுதியவர் தன் ஆலயத்துக்கு மேலே, தைல மரங்களுக்கு நடுவே குடியிருக்கிறார் என்று தெரிந்ததும் அவருக்குக் கைகால் ஓடவில்லை. மறுநாளே போய் நின்று, என்னைச் சீடனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்.

எதற்கு என்று கேட்டார் லிடியா.

தன் பிரசங்கம் ஆலய வாசல் வரைதான் ஜனங்களோடு கூட வருகிறது, செருப்பைப் போட்டதும் மறந்துவிடுகிறார்கள் என்றார் போதகர். மனதில் நிற்கிற மாதிரி ஒரு வரி, ஒரே ஒரு வரி சொல்லக் கற்றுக்கொடுத்தால் போதும்.

"எனக்கே அது மறந்துபோச்சு," என்றார் லிடியா. "வேணும்னா வந்து உக்காருங்க."

அன்றிலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம்தோறும் போதகர் மேலே ஏறிப்போவார். கணப்பில் விறகு எரிந்துகொண்டிருக்கும். லிடியா அதிகம் பேசமாட்டார். போதகர் தான் எழுதிய ஜெபத்தை வாசித்துக் காட்டுவார். லிடியா ஏதாவது ஒரு வார்த்தையைச் சொல்லி, அது வேண்டாம் என்பார். அதை எடுத்துவிட்டு வாசித்தால் இன்னொரு வார்த்தை வேண்டாம் என்பார். கடைசியில் "ஆண்டவரே" என்பது மட்டும் மிஞ்சிய வியாழக்கிழமைகளும் உண்டு.

ஒருநாள் போதகர் பொறுமை இழந்தார்.

"இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க அம்மா?"

"மழை பெய்யுது," என்றார் லிடியா. "இவ்வளவு நேரம் நீங்க கேக்கவே இல்ல."

இன்னொரு வியாழக்கிழமை போதகர் மிகுந்த சந்தோஷத்தோடு வந்தார். அந்த மூன்று வரிகளையும் தமிழில் ஆக்கிவிட்டதாகச் சொன்னார். அடக்க ஆராதனைகளில் குழிக்கு மண் போடுவதற்கு முன்னால் அதைச் சொல்வதாகவும், கல்மனசுக்காரர்கள்கூட அழுதுவிடுவதாகவும் சொன்னார். லிடியா சொல்லச் சொல்லிக் கேட்டார். போதகர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"தமிழ் நல்லா வந்திருக்கு," என்றார் லிடியா. பிறகு, "அதை விட்டுருங்க ஞானசிகாமணி," என்றார்.

பெரிய மனிதர்களின் தன்னடக்கம் இப்படித்தான் இருக்கும் என்று போதகர் எண்ணிக்கொண்டார். அவர் விடவில்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து, கேரட் ஏற்றிப்போன வேன் ஒன்று பள்ளத்தில் உருண்டது. ஓட்டியவன் அன்புதாஸ். இருபத்திரண்டு வயது. அவனுடைய அம்மா ரூபவதி. புருஷன் போனபிறகு கூலிவேலைக்குப் போய் ஒற்றை ஆளாக அவனை வளர்த்தவள். வேன் வாங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வேனின் முன்கண்ணாடியில் அவன் அம்மா பெயரைத்தான் எழுதி வைத்திருந்தான்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. மழையில் குடைகளும் சாக்குகளுமாக நின்றார்கள். போதகருக்கு அன்புதாஸைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆராதனைக்கு மணியடிக்கிறவன் அவன்தான். அதனால் போதகரின் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. குழிமேட்டில் நின்று அந்த வரிகளைச் சொன்னார். சொல்லி முடித்தபோது கூட்டத்தில் விம்மல் பரவியது. ரூபவதி மட்டும் அழவில்லை. தலையைத் தூக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாயின் மனதில் அந்த வரி இறங்கிவிட்டது என்று போதகருக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அப்படியே சொன்னார்.

அந்த வாரத்திலேயே ஒரு மதியம், போதகர் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது வேதமுத்து வந்தார். வேதமுத்து கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர், குழி வெட்டுபவர். மழையில் ஓடிவந்திருந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, ஐயா, அந்த அம்மா தோண்டுது என்றார். போதகருக்கு விளங்கவில்லை. வேதமுத்து திரும்பவும் அதையே சொன்னார்.

போதகர் கை கழுவாமல் கிளம்பினார்.

அன்புதாஸின் குழியில் முழங்காலளவு மண் எடுக்கப்பட்டிருந்தது. ரூபவதி அதற்குள் மண்டியிட்டிருந்தாள். கையாலேயே தோண்டியிருந்தாள். நகங்கள் கிழிந்து விரல்நுனிகளில் சேறும் ரத்தமும் அப்பியிருந்தன. கேரட் தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் சிலர் கிட்டே போகப் பயந்து எட்டி நின்றார்கள். பித்துப் பிடித்ததா, பேய் பிடித்ததா என்று அவர்களுக்குள் பேச்சு.

போதகரைக் கண்டதும் அவள் தோண்டுவதை நிறுத்தினாள். முகத்தில் பைத்தியம் எதுவும் இல்லை. வேலைக்கு நடுவே சந்தேகம் கேட்கிறவளைப் போலத்தான் இருந்தாள்.

"ஐயா, எவ்வளவு ஆழம் போகணும்?"

போதகர் குழியின் ஓரத்துக்கு வந்தார்.

"தோண்டிப் பாக்கச் சொன்னீங்கள்ல. கீழ நடந்துக்கிட்டுத்தான் இருக்கும்னு சொன்னீங்க. எவ்வளவு ஆழம்?"

அது ஒரு உவமை அம்மா என்று சொல்லத்தான் போதகர் நினைத்தார். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அவளுடைய விரல்களைப் பார்த்தார். பிறகு அந்த வார்த்தையை அவரால் சொல்ல முடியவில்லை.

கடைசியில் அவளுடைய தம்பி வந்து தூக்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். அவள் திமிறவில்லை. திரும்பித் திரும்பிக் குழியைப் பார்த்துக்கொண்டே போனாள். வேதமுத்து மண்வெட்டியை எடுத்து, தள்ளிய மண்ணை மறுபடியும் உள்ளே போட்டார். முன்பு ஒருமுறை போட்ட மண்தான். இரண்டாவது தடவை போடுவது கஷ்டமாக இருக்கிறது ஐயா என்றார்.

போதகர் அங்கிருந்து நேராக மேலே ஏறினார். அன்று வியாழக்கிழமை அல்ல. லிடியா கணப்பின் அருகே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போதகர் உட்காரவில்லை. சட்டையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னார். ரூபவதி கேட்ட கேள்வியையும் சொன்னார். பிறகு கோபம் வந்தது. இத்தனை நாளில் ஒருதடவைகூட அவர் தன் ஆசிரியையிடம் கோபப்பட்டதில்லை.

"யாரு செத்ததுக்கு எழுதினீங்க அதை?"

"யாரும் சாகல," என்றார் லிடியா.

பிறகு சொன்னார். அவர் இவ்வளவு பேசிப் போதகர் கேட்டதில்லை.

மதுரையில் அவர் சிறுமியாக இருந்தபோது மாசி பங்குனியில் வைகை காய்ந்து கிடக்கும். பெண்கள் மணலில் ஊற்றுப் பறித்துச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அவரும் ஆயாவோடு போய் மொண்டு குடித்திருக்கிறார். பிறகு அமெரிக்காவில், பனியில் புதைந்த ஒரு ஊரில், வீட்டு நினைப்பு தாங்காமல் அந்த ஆற்றைப் பற்றி நீளமாக ஒன்று எழுதினார். அந்தப் பாட்டில் சாவு கிடையாது. மணல், குடம், வெயில், ஆயாவின் கை, இவைதான். யாரோ ஒருவர் தன் மனைவியின் அடக்கத்தில் அதிலிருந்து மூன்று வரியை எடுத்துப் படித்தார். அதற்கப்புறம் அந்த மூன்று வரிதான் இருந்தது. பாட்டு போய்விட்டது.

ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். மேடையிலிருந்து இறங்கினால் யாராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். உங்கள் வரிதான் என்னைப் பிழைக்க வைத்தது என்பார்கள். கேட்கக் கேட்க, சாவைப் பற்றித் தனக்கு என்னவோ தெரியும் என்று அவரும் நம்ப ஆரம்பித்தார்.

அவருக்கு ஒரே மகன். டேனியல். ஒரு குளிர்காலக் காலையில், உறைந்த சாலையில் அவனுடைய கார் வழுக்கி மரத்தில் மோதியது.

"ஆறுதல் கார்டு வர ஆரம்பிச்சுது," என்றார் லிடியா. "தபால்காரர் பெட்டியில வெக்க இடமில்லாம சாக்குல கட்டிக் கொண்டுவந்தார். பிரிச்சா உள்ள என்னோட வரி. பத்துல எட்டுல அதுதான். அடியில என் பேரு அச்சடிச்சிருக்கும். என் பிள்ளை செத்ததுக்கு நானே எனக்கு ஆறுதல் எழுதி அனுப்பிக்கிட்ட மாதிரி."

போதகர் இப்போது உட்கார்ந்தார்.

"யார் மேல கோவப்படுறது? எல்லாரும் நல்ல மனசோடதான் அனுப்பினாங்க. நான் அதை எடுத்துப் படிச்சேன். எழுதினவளே படிச்சேன். ஒண்ணும் கேக்கல எனக்கு."

கணப்பில் விறகு சரிந்தது. லிடியா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பளியை விலக்கிவிட்டு, அந்த அம்மா வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மழை, வழுக்கும் என்றார் போதகர். நாளைக்குப் போகலாம் என்றார். லிடியா அதற்குள் கம்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

ரூபவதியின் தம்பி வீடு பூண்டுக் காட்டுக்குக் கீழே இருந்தது. ஒரே அறை. நனைந்த துணிகளின் வாடை. ரூபவதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். சேறு காய்ந்து போயிருந்தது. கழுவவிட மாட்டேன் என்கிறாள், யாரையும் தொடவிட மாட்டேன் என்கிறாள் என்று தம்பி சொன்னான். மழை விட்டதும் மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னான்.

லிடியா மெல்லக் கம்பை ஊன்றித் தரையில் உட்கார்ந்தார். அதற்கே வெகுநேரம் ஆயிற்று. போதகர் கதவருகே நின்றுகொண்டார்.

"ரூபவதி, ஐயா சொன்னாரே, அதை எழுதினது நான்தான்."

ரூபவதி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களா?"

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எவ்வளவு ஆழம்?"

"எனக்குத் தெரியாதும்மா. எழுதுறப்ப எனக்கு யாரும் சாகல. தெரியாம எழுதிட்டேன்."

ரூபவதி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என் பிள்ளை போயிட்டான்."

"எத்தனை வயசு?"

"இருபத்திமூணு."

"என்ன பேரு?"

"டேனியல். டேனின்னு கூப்பிடுவேன்."

"டேனி," என்றாள் ரூபவதி. அந்தப் பெயரைச் சரியாகச் சொல்கிறோமா என்று பார்ப்பவளைப் போல இன்னொரு தடவையும் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"நீங்க தோண்டினீங்களா?"

போதகர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"தோண்டினேன்," என்றார் லிடியா. "உன்னை மாதிரிக் கையால இல்ல. ஆனா தோண்டினேன்."

"இருந்துச்சா?"

"இல்ல."

அந்த இல்லை என்ற வார்த்தையை எப்படியாவது திரும்ப எடுத்துவிட வேண்டும் என்று போதகருக்கு இருந்தது. ஒரு வேதவசனம் நினைவுக்கு வந்தது. அவர் ஓரடி முன்னால் வந்தார். லிடியா திரும்பிப் பார்க்காமலே கையைக் கொஞ்சம் உயர்த்தினார். போதகர் நின்றுவிட்டார்.

"விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள் ரூபவதி.

"விடல."

"இல்லன்னு தெரிஞ்சும் எதுக்கு?"

லிடியா ரூபவதியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் விட்டுட்டா அவன் அங்க தனியா இருப்பானோன்னு இருக்கு," என்றார்.

ரூபவதியின் முகம் முதலில் கோணியது. அப்புறம் வாய் திறந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. அடக்கத்தன்று அழாத அழுகை அது. தம்பி பயந்துபோய் எழுந்தான். லிடியா அவளைத் தடவிக்கொடுக்கவில்லை, அழாதே என்று சொல்லவில்லை. அவள் அழுது ஓய்கிற வரைக்கும் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அழுகை ஓய்ந்தபின் ரூபவதி தன் இரண்டு கைகளையும் லிடியாவின் முன்னால் நீட்டினாள். லிடியா வெந்நீர் கேட்டார். ஒவ்வொரு விரலாக நனைத்துச் சேற்றைக் கழுவினார். தண்ணீர் கலங்கியபோதெல்லாம் தம்பி மாற்றிக் கொண்டுவந்தான்.

ரூபவதி அதோடு குணமாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. தம்பி அவளை மதுரைக்குக் கூட்டிப்போனான். மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் வந்தது, சாப்பாடு இறங்கவில்லை. மழை ஓய்ந்ததும் கேரட் காட்டுக்கு வேலைக்குப் போனாள். நடுவில் வேலையைப் போட்டுவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்துவிடுவாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளைக் கூப்பிடாமல் விட்டுவிடப் பழகிக்கொண்டார்கள். குழியை மறுபடி அவள் தோண்டவில்லை. சில நாள் சாயங்காலம் பங்களாவுக்கு வருவாள். இரண்டு பேரும் கணப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். என்ன பேசுவார்கள் என்று ஊருக்குத் தெரியாது. பேசினார்களா என்பதும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஆலயத்துக்கு வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். போதகருக்கு அந்தப் பக்கம் கண்ணை ஏறெடுக்கத் தைரியம் வரவில்லை. அன்புதாஸ் இருந்தவரை அவன் அடித்த மணியை இப்போது போதகரே அடித்தார்.

அந்த மூன்று வரிகளை அவர் அடியோடு விட்டுவிட்டார். கார்த்திகையில் ஒரு முதியவரின் அடக்கத்தில் வெறும் ஆராதனை முறைமையை மட்டும் வாசித்துவிட்டு இறங்கினார். திரும்பும்போது வேதமுத்து கூடவே நடந்து வந்தார். ஏன் ஐயா அந்த ஆத்துப் பாட்டைச் சொல்லவில்லை என்று கேட்டார். தன் மனைவி போனபோது அதைக் கேட்டுத்தான் தான் வீட்டுக்குத் திரும்பி நடந்ததாகச் சொன்னார். இல்லாவிட்டால் அங்கேயே கிடந்திருப்பேன் ஐயா என்றார்.

போதகர் குழம்பிப் போனார். அந்த வியாழக்கிழமை லிடியாவிடம் இதைச் சொன்னார். ஒருத்தரைக் காப்பாற்றிய வரி இன்னொருத்தரை ஏன் குழிக்குள் இறக்குகிறது என்று கேட்டார். லிடியா அணையப்போன விறகை உள்ளே தள்ளிவிட்டார். அன்று அவ்வளவுதான்.

மார்கழி போய்த் தை பிறந்தது. காலைகளில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. உருளைக்கிழங்குச் செடிகள் கருகின. போதகர் பிரசங்கங்களைச் சுருக்கிக்கொண்டே வந்தார். ஊர்மாற்றம் கேட்கலாமா என்று மனைவியிடம் ஒருநாள் கேட்டார். அங்கேயும் சாவு இருக்கும்தானே என்று மனைவி சொன்னார்.

ஒருநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. மேட்டுத் தெருவில் ஸ்டெல்லாவின் குழந்தை இறந்துவிட்டது. பேர்வைக்கக்கூட இல்லை. குளிர்காய்ச்சல். கீழே கொண்டுபோக வண்டி கிடைப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. மதியம் அடக்கம்.

போதகர் அங்கியை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார். வீட்டிலிருந்து வெளியே வந்தவர் மேட்டுத் தெருவுக்குப் போகும் பாதையில் திரும்பவில்லை. தைல மரங்களுக்கு நடுவே மேலே ஏறினார். ஓட்டமும் நடையுமாகப் போனார். பங்களா வாசலை அடைந்தபோது பேச மூச்சில்லை.

லிடியா அப்போதுதான் எழுந்து விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார். போதகர் விஷயத்தைச் சொன்னார். லிடியா கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார்.

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல அம்மா," என்றார் போதகர். "குழிக்கு முன்னால போய் நிக்கணும். அந்தப் பொண்ணு ஸ்டெல்லா என் முகத்தைப் பாக்கும். பழசைச் சொல்ல மாட்டேன். சத்தியமா மாட்டேன்."

போதகர் அங்கியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆனா ரூபவதிகிட்ட நீங்க ஒண்ணு சொன்னீங்க. நான் விட்டுட்டா அவன் தனியா இருப்பானோன்னு. அன்னையிலேர்ந்து அது என் நெஞ்சை விட்டுப் போகல. உங்க மூணு வரியைவிட அதுதான் பெரிசு. அதுல பொய் இல்ல. இன்னிக்கு அதைச் சொல்லட்டுமா?"

பனி மரங்களிலிருந்து உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே மேட்டுத் தெருவிலிருந்து அழுகைச் சத்தம் மெல்லியதாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

"அது ரூபவதி கேட்டதுக்குச் சொன்னது," என்றார் லிடியா. "இந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?"

போதகர் இன்னும் அந்த வீட்டுக்குப் போயிருக்கவில்லை.